பௌர்ணமியில் வந்த லாரி

வயிற்றுப் பிள்ளையைப் பறிகொடுத்து ஜோகா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் புருஷன் கொம்போ தலாக்கைப் போனில் எழுதி அனுப்பினான். அதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டியிருந்தவள் அக்கா மிசே.

கொம்போ கடற்பாசி வியாபாரி. சான்சிபார் நகரத்திலிருந்து லாரியோடு எங்கள் கரைக்கு வருவான். தலாக்குக்குப் பிறகும் வந்தான். எங்களுக்கு வேறு வியாபாரி இல்லை. மிசேயும் முகம் மாறாமல் அவனுக்கே விற்றாள்.

எங்கள் வேலை நிலவோடு ஓடுவது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சூரியனும் பூமியும் நிலவும் ஒரே கோட்டுக்கு வந்துவிடும். சூரியனும் நிலவும் சேர்ந்து இழுக்க, கடல் காலையில் வெகுதூரம் வற்றும், பிற்பகலில் வெகுதூரம் ஏறும். வற்றும்போது பாசியை அறுப்போம். அது காய்ந்து மூட்டையாவதற்குள் அரைநிலவு வந்துவிடும். அப்போது நிலவு ஒரு பக்கமும் சூரியன் ஒரு பக்கமும் இழுப்பதால் கடல் சோம்பிக் கிடக்கும். பிற்பகலில் இறங்கியும் போகும். கொம்போ சரக்கெடுக்க வருவது அரைநிலவில்தான். அவனுக்குத் தெரிந்த கடல் அது ஒன்றே.

பகலும் இரவும் சமமாகும் மார்ச் மாதத்துப் பௌர்ணமியில் கடல் மற்ற மாதங்களைவிட மேலே ஏறும். அந்த நாளுக்கு மிசே அவனை அழைத்தாள். மிச்சச் சரக்கு நிறைய இருக்கிறது, நாளைக்கே எடுக்க வேறொருவன் கேட்கிறான் என்று பொய் சொன்னாள். ஒரு மாத உழைப்பை மூட்டைகளாகக் கட்டி, மணலில் தாழ்வான இடத்தில் அடுக்கியும் வைத்தாள்.

கொம்போ காலையில் வந்தான். கடல் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது.

"புது வண்டி மதினி. மணல்ல இறக்கலாமா?"

"மூட்டை கனமா இருக்கு. பக்கத்துலயே கொண்டுபோய் நிறுத்துங்க. ஏத்த ஆளுங்க மத்தியானம் வருவாங்க. அதுக்குள்ள சாப்பிட்டுக்கங்க."

தேங்காய்ப்பால் சோறும் கணவாய்க் குழம்பும் போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்: "உங்க தங்கச்சி இன்னும் அழுதுட்டுத்தான் இருக்காளா? அவ உடம்புல புள்ள தங்கலன்னா நான் என்ன செய்ய?"

மிசே இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

சாப்பிட்டதும் வீட்டுக்குப் பின்னால் மாமர நிழலில் அவன் படுத்துத் தூங்கிப்போனான். ஆட்கள் வரவில்லை, அவள் யாரையும் கூப்பிட்டிருக்கவேயில்லை. வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் மூட்டைகளை நனைத்தது, பிறகு தூக்கிக்கொண்டு போனது. சக்கரம் மறைந்தது. பிற்பகல் அஸர் பாங்கு கேட்டு அவன் எழுந்து ஓடிவந்தபோது அலை லாரியின் இருக்கைமேல் அடித்துக்கொண்டிருந்தது.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சாவியைத் திருகிப் பார்த்தான். வண்டி இருமக்கூட இல்லை. மீனவர்களிடம் ஓடினான். தண்ணீர் இறங்காமல் இழுக்க முடியாது என்றார்கள். அது இறங்கத் தொடங்கிய நேரத்தில் நிலவு செம்பு நிறத்தில் எழுந்தது. பூமியின் நிழல் அதன்மேல் விழுந்திருந்தது. கயிறோடு வந்த ஆண்கள் கயிற்றைக் கீழே போட்டார்கள்.

"கிரகணத் தொழுகை இருக்கு கொம்போ. தொழுதுட்டு வர்றோம்."

நீண்ட தொழுகை அது. அவர்கள் திரும்பி வந்தபோது லாரி அச்சுவரை மணலில் புதைந்திருந்தது. எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. விடியலில் ஏறிய கடல் மிச்சத்தையும் பார்த்துக்கொண்டது.

காலையில் கொம்போ மிசேயின் முன்னால் வந்து நின்றான்.

"தண்ணி ஏறும்னு உங்களுக்குத் தெரியும்தானே மதினி?"

"தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"போன்ல எழுதி அனுப்பலாம்னு நெனச்சேன்."

அவன் நகரத்துக்குப் பஸ் ஏறிப் போனான். பிறகு எங்கள் கரைக்கு வரவேயில்லை. புது வியாபாரி கிடைக்கும்வரை எங்கள் பாசி வாங்க ஆளின்றிக் கிடந்தது. சில பெண்கள் மிசேயைத் திட்டவும் செய்தார்கள்.

நடவுக்குக் கயிற்றில் பாசி கட்டும்போது ஒருநாள் ஜோகா கேட்டாள்: "இப்பவாவது மனசு ஆறுச்சாக்கா?"

"எங்க ஆறும்? அவனுக்கு லாரிதானே போச்சு" என்றாள் மிசே.