பாதி நேரம் தாங்கும் பேட்டரி

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. பாண்டிச்சேரியிலிருந்து மரக்காணம் போகிற பேருந்து கூனிமேட்டில் நின்றுவிட்டது. பேட்டரி படுத்துவிட்டது, இறங்கித் தள்ளுங்கள் என்றார் ஓட்டுநர். தள்ளும்போது பக்கத்தில் இருந்தவர், "எங்க ஊர்ல ஒரு பொம்பள பேட்டரில உப்புத்தண்ணிய ஊத்திடுச்சி. எழுவத்தஞ்சுல" என்று சொல்லிச் சிரித்தார். வண்டி கிளம்பியதும் முண்டியடித்து ஏறி எங்கோ உட்கார்ந்துவிட்டார். மீதியெல்லாம் நான் கட்டியது.

அவர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை வெளேரென்று..." வேண்டாம். வெளியூர்க்காரன்தான் உப்பை இப்படிப் பார்ப்பான். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கண் கூசும், குனிந்துகொள்வார்கள்.

இரண்டாவது: "அம்சவள்ளி ஓர் அப்பாவி." அடித்துவிட்டேன். அவள் வேலை செய்த உப்பளத்தில் அவளைவிட விவரமான ஆள் மேஸ்திரி ஒருவர்தான். அதுகூட அவர் வாயால் சொல்லிக்கொண்டது.

மூன்றாவது நிற்கும்: ஒரு வெள்ளிக்கிழமை காலை அம்சவள்ளி பழைய கார் பேட்டரியைக் கூடையில் வைத்து, இடுப்பில் ஏந்திக்கொண்டு மரக்காணம் கடைத்தெருவுக்கு நடந்தாள். (முதலில் தலையில் வைத்திருந்தேன். ஆசிட் சிந்துமே என்று பயந்து இடுப்புக்கு இறக்கினேன்.)

3

அவள் புருஷன் சடையப்பன் லாரி டிரைவர். வடக்கே உப்பு ஏற்றிக்கொண்டு போனவன், பொங்கலுக்கும் வரவில்லை. போகும்முன் ஒரு பழைய ரேடியோவும், அதை ஓட்ட முதலாளியின் காரிலிருந்து கழற்றிப்போட்ட பேட்டரியும் வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தான். குடிசையில் கரண்டு கிடையாது.

"காயிதம் போட்டா எவனாவது படிச்சுச் சொல்லணும். அது வேணாம். சிலோன் ரேடியோவுக்குப் பாட்டுக் கேட்டு எழுதிப் போடுறேன். உன் பேரு வரும், நீ கேளு" என்று சொல்லியிருந்தான்.

அந்த வாரம் இன்னொரு டிரைவர், கொளஞ்சி, வந்து சொன்னான்: "வர்ற ஞாயித்துக்கெழம மத்தியானம் உன் பேரு வருமாம். அண்ணன் கேக்கச் சொன்னாரு."*

பேட்டரி இறங்கி, ரேடியோ அதற்கு முன்பே கம்மிப்போயிருந்தது.

டீக்கடை ரேடியோவில் கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாம். பேர் வராவிட்டால் அத்தனை ஆண்களுக்கு முன்னால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

4

பேட்டரிக் கடைக் கலியன் மூடிகளைத் திருகினான். ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் உள்ளிருந்த தண்ணீரை உறிஞ்சினான். குழாய்க்குள் மிதவை நன்றாக மேலே எழும்பி நின்றது.

"டிகிரி நல்லாத்தான இருக்குது."

"அதான்ணே, நானும் பாத்தேன்."

அவள் எதை வைத்துப் பார்த்தாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. ஹெட்லைட் பல்பை ஒயரில் மாட்டித் தொட்டான். கம்பி லேசாகச் சிவந்து அணைந்தது. சார்ஜில் போட்டான். கிணற்றில் கொட்டுகிற பிளீச்சிங் மருந்தின் நாற்றம் குபீரென்று கிளம்பியது. ஒயரைப் பிடுங்கினான்.

"ஏம்மா, இதுல இன்னா ஊத்துன?"

அவள் சொன்னாள். உப்பளத்திலும் இதுபோல ஒரு குழாய் உண்டு. பாத்தித் தண்ணீரில் மிதக்கவிட்டு, உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று டிகிரி பார்ப்பார்கள். குறைந்தால் வெறும் தண்ணீர், ஏறினால் உப்பு இறங்கும். மேஸ்திரியின் குழாயைக் கேட்டு வாங்கி, பேட்டரித் தண்ணீரைச் சீசாவில் ஊற்றி அளந்தாள். டிகிரி இறங்கிக் கிடந்தது. கடைசிப் பாத்தியில் நன்றாகக் காய்ந்து உப்பேறிய தண்ணீரை முகந்து வந்து ஊற்றினாள்.

"டிகிரி ஏறிடுச்சுண்ணே. பாட்டுதான் வரல."

கலியன் சிரித்துவிட்டான். (பேருந்தில் சிரித்தவரைக் கோபித்துக்கொண்டேனே, இவனை என்ன செய்ய?) அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆசிட்டு வேற, உப்பு வேறம்மா. பிளேட்ட அரிச்சிடும்."

"ஞாயித்துக்கெழம ஓடணும்ணே. அவரு என் பேர சொல்லச் சொல்லியிருக்காராம். ஒரு வருசமா அந்தாளு என்னைக் கூப்புடல."

கலியன் பேட்டரியைக் கவிழ்த்தான். உள்ளேயிருந்ததை வடித்து, டிஸ்டில்டு வாட்டர் விட்டுக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினான். புது ஆசிட் ஊற்றி மெதுவாகச் சார்ஜ் ஏற்றினான். ஞாயிறு காலை அவள் வந்து நின்றபோது பல்பை வைத்துக் காட்டினான். பளிச்சென்று எரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளடித்தது.

"பாட்டு நிகழ்ச்சி முச்சூடும் தாங்காதும்மா. பாதி நேரம் வரும். அப்புறம் படுத்தா எழுப்ப முடியாது."

"எந்தப் பாதிண்ணே?"

"நீ எப்பத் திருப்புறியோ, அந்தப் பாதி."

5

முடிவு ஒன்று: அம்சவள்ளி தொடக்கத்திலேயே திருப்புகிறாள். அறிவிப்பாளர் பேர்களை வரிசையாக வாசிக்கிறார். "மரக்காணத்திலிருந்து..." இதை எழுதியபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. மறுநாள் படித்துப் பார்த்தேன். அவளுக்காக எழுதியதாகத் தெரியவில்லை.

முடிவு இரண்டு: பின்பாதியில் திருப்புகிறாள். பேர்கள் வருகின்றன, ஊர்கள் வருகின்றன. பாட்டு இழுத்துக்கொண்டே தேய்கிறது. அவள் ரேடியோவின் மேல் கையை வைத்து... 

முடியவில்லை. விட்டுவிட்டேன்.

6

இப்போது ஞாயிறு மதியம். ஒயர் மாட்டியாகிவிட்டது. அம்சவள்ளி குடிசைக்குள் ரேடியோ முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். தலை வாரிப் பூ வைத்திருக்கிறாள். பேர்தானே வரப்போகிறது, ஆளா வரப்போகிறான் என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். அந்தப் பேரை அவன் கூப்பிடுகிறாற்போலக் கேட்க வேண்டும் அவளுக்கு. வேறு ஆசையே இல்லை.

பேட்டரிக்கு முழுச் சார்ஜ் ஏற்ற எனக்கு ஒரு வரி போதும். "கலியன் சொன்னது பொய்த்தது, கடைசிவரை ஓடியது." ஏற்ற மாட்டேன். முழுதும் கேட்டு, பேர் வராமல் போனால் அவளுக்கு என்ன மிஞ்சும்? பாதி கேட்டால், கேட்காத பாதியில் சொல்லியிருப்பார்கள் என்று சாகும்வரை சொல்லிக்கொள்ளலாம். என்னால் அவளுக்குக் கொடுக்க முடிந்தது அதுதான்.

நிகழ்ச்சி தொடங்கியாயிற்று. அவள் விரல் திருகின் மேல் இருக்கிறது, நீங்கள் சொன்னால் திருப்புவாள்.

__________

* எந்த ஞாயிறு பேர் வரும் என்று சடையப்பனுக்கு எப்படித் தெரியும் என்று நானும் யோசித்தேன். அவள் முகத்தைப் பார்த்துக் கொளஞ்சி தானாகச் சொன்னதாகவும் இருக்கலாம். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.