யார் முழங்கால்?

சின்ன வயதில் கணக்கில் சறுக்கிய ஒவ்வொரு முறையும் அவருடைய அப்பா ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: "நீ மாடு மேய்க்கத்தான்டா லாயக்கு." அந்த ரோஷத்தில் அவர் விழுந்து விழுந்து படித்தார். ஒரு பட்டம் வாங்கினார். அது போதாதென்று அதன் தலைமேல் இன்னொரு பட்டம். கடைசியில் அரசாங்கம் அவருக்கு ஒரு வேலை கொடுத்தது: மண்டல மேய்ச்சல் நில ஆலோசகர். அதாவது மாடு மேய்க்கிறவர்களுக்கு எப்படி மேய்ப்பது என்று சொல்லித்தருகிற வேலை. அப்பா உத்தரவை இரண்டு தரம் படித்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார்.

அதைக்கூட ஆலோசகர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறு. மனைவிக்குத் தலைமை அலுவலகம் இருக்கிற நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. நாலு வயது மகளும் அப்பாவும் அவளோடு அங்கே. இவர் மட்டும் இங்கே, தீவனக் கடைக்கு மேலே ஒற்றை அறையில், தவிட்டுத் தூசியில் தும்மிக்கொண்டு. "அப்பா, நீ எப்ப வருவே?" என்று போனில் மகள் கேட்பாள். "அடுத்த மாசம்டா செல்லம்" என்பார். அந்த 'அடுத்த மாசம்' எந்த வருஷத்துக் காலண்டரிலும் வந்தபாடில்லை.

மாற்றல் கேட்டு நடந்ததில் இந்த முறைதான் துறை இயக்குநர் வாயைத் திறந்து சொல்லியிருந்தார். "உங்க மண்டலத்துல ஒரே ஒரு நிலத்தை மாதிரி மேய்ச்சல் நிலமா ஆக்கிக் காட்டுங்க. நான் வந்து பார்க்கறேன். பார்த்த மறுநாளே உங்களுக்கு இங்க மாற்றல்." இயக்குநர் கழுவுற மீனில் நழுவுற மீன். அவரே இவ்வளவு கறாராகச் சொன்னால் நம்பாமல் இருக்க முடியுமா? ஆலோசகர் நம்பினார். மனைவியும் நம்பி, பெரிய கட்டில் ஒன்றை விலை விசாரித்துவிட்டு வந்தாள்.

அதற்கு முன்னால் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. 'விவசாயியின் மொழியில் பேசுவது எப்படி?' என்பது தலைப்பு. குளிரூட்டிய அறை, மெத்தென்ற நாற்காலிகள், மருந்துக்குக்கூட ஒரு விவசாயி கிடையாது. "சென்டிமீட்டர்னு ஆரம்பிச்சீங்கன்னா அவங்க மிரண்டுடுவாங்க. உடம்பை வெச்சு சொல்லுங்க" என்றார் பயிற்சி கொடுத்தவர். எல்லோரும் கைதட்டினார்கள். நம் ஆலோசகர் கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

அந்த அறிவோடு அவர் போய் நின்றது அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான ஒரு புல்வெளியில். ஆளுக்குக் கொஞ்சம் மாடு, நிலம் மட்டும் பங்கு பிரிக்காதது. "நிலத்தைக் கம்பி போட்டு நாலு அடைப்பா பிரிங்க. ஒண்ணுல மேயட்டும், மத்தது வளரட்டும். புல்லு முழங்கால் உயரம் வந்தா மாட்டை உள்ள விடுங்க, கணுக்கால் உயரத்துக்குக் குறைஞ்சா வெளிய ஓட்டுங்க. அவ்வளவுதான்" என்றார். வேர்வரை மேய்ந்த புல் எழுந்திருக்காது, முற்றிய புல்லை மாடு முகர்ந்துவிட்டுப் போய்விடும். ஆக, சொன்னதில் தப்பே இல்லை. சொன்ன இடம்தான் தப்பு.

அண்ணன் எந்த வாசலிலும் தலையை இடித்துக்கொள்ளாமல் நுழைந்ததில்லை. ஊரில் அவருக்கு ஏணி என்று பெயர். தம்பி உட்கார்ந்தாலும் நின்றாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. அவர் முக்காலி.

முதல் சுற்று நன்றாகவே போனது. இரண்டாம் சுற்றில் ஒரு காலை ஆலோசகருக்குப் போன் வந்தது. ஓடினார். முக்காலியின் மாடுகள் ஆனந்தமாக மேய்ந்துகொண்டிருந்தன. ஏணியின் மாடுகள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தன.

"சார், முழங்கால்னு சொன்னீங்களே, யார் முழங்கால்?" என்றார் ஏணி.

இரண்டு பட்டத்திலும் இந்தக் கேள்வி வரவில்லை. "பொதுவா... ஒரு சராசரி முழங்கால்."

"சராசரின்னு இங்க யாரும் இல்ல சார். நானும் இவனும்தான் இருக்கோம். என் முழங்காலுக்குப் புல்லு வர்றதுக்குள்ள இவன் மாடு தின்னு ஏப்பம் விட்டுடுது. அப்புறம் இவன் கணுக்கால் வரைக்கும் மேயவிட்டான்னா என் மாட்டுக்கு மண்ணுதான்."

"அண்ணன் முழங்கால் வர்ற வரைக்கும் காத்திருந்தா புல்லு பூத்து, காய்ச்சு, பேரன் பேத்தி எடுத்துடும் சார்" என்றார் முக்காலி. "பொறந்ததுல இருந்து எல்லாத்துலயும் இவருக்குத்தான் உயரம். புல்லுலயாவது நான் முந்திக்கறேனே."

ஆலோசகர் ஒரு குச்சி வெட்டி, சிவப்புச் சாயத்தில் கோடு போட்டு, அடைப்புக்கு நடுவில் நட்டுவிட்டுப் போனார். மறுமுறை வந்தபோது, தம்பி குச்சியை ஆழமாக அடித்துவிட்டான் என்றார் ஏணி. அண்ணன்தான் பிடுங்கி மேலே தூக்கினார் என்றார் முக்காலி. சரி, விஞ்ஞானத்துக்கே திரும்புவோம் என்று டேப்பை நீட்டினார். சென்டிமீட்டரைக் கண்டு யாரும் மிரளவில்லை. முக்காலி புல்லின் நுனியைப் பிடித்து நீவி நிமிர்த்தி அளந்தார். ஏணி உள்ளங்கையால் அமுக்கி அளந்தார். ஆளுக்கொரு கணக்கு வந்தது. இரண்டும் அவரவர் வசதிக்கு அச்சு அசலாக ஒத்துப்போயின.

அவர்கள் மனைவிமார், ஓரகத்திகள் இருவருக்கும் இடையே பேச்சு நின்றது. எப்போதும் ஒரே தட்டில் வரும் டீ இரண்டு தட்டில் வந்தது. ஒன்றைக் குடித்தால் மற்றவளுக்குக் கோபம் என்று ஆலோசகர் இரண்டையும் குடித்து, ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருந்தார்.

அதற்கடுத்த முறை, ஏணி வீட்டு வாசலில் கம்பிச்சுருள் வந்து இறங்கியிருந்தது. "நடுவுல வேலி போட்டுடறேன் சார். அவனவன் பங்குல அவனவன் முழங்கால்."

"தண்ணித் தொட்டி தம்பி பக்கம்ல இருக்கு?"

"தெரியும். மாட்டை வித்துடறேன். மானத்தை விடமாட்டேன்" என்றார் ஏணி. சொல்லும்போது அவர் பக்கத்தில் நின்ற கிழட்டுப் பசு அவர் சட்டையை மென்றுகொண்டிருந்தது. அவர் அதைத் தள்ளிவிடவில்லை.

ஆலோசகர் மனசுக்குள் கணக்குப் போட்டார். நடுவில் வேலி வந்தால் மாதிரி நிலம் போச்சு. மாற்றல் போச்சு. மகளுக்கு அடுத்த மாசமும் போச்சு. ஏணியின் மாடுகளைப் பற்றிய கவலை அதற்குப் பிறகுதான் வந்தது. அது தாமதமாக வந்ததில் அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு புல்லுக்குள் இறங்கினார்.

"இது என் முழங்கால். எனக்கு இந்த நிலத்துல பங்கும் இல்ல, மாடும் இல்ல. வாரா வாரம் வந்து நிக்கறேன். என் முழங்கால் வந்தா ரெண்டு பேர் மாட்டையும் சேர்த்து விடுங்க. என் கணுக்கால் வந்தா சேர்த்து ஓட்டுங்க."

அண்ணன் தம்பி இருவரும் சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் அந்த முழங்காலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

"குச்சின்னா ஆழமா அடிக்கலாம். சாரை அடிக்க முடியாது" என்றார் ஏணி.

"அடிச்சாலும் கத்திடுவாரு, தெரிஞ்சு போயிடும்" என்றார் முக்காலி.

கம்பிச்சுருள் கொட்டகைக்குள் போனது. வெயிலோ மழையோ, ஆலோசகர் வாரம் தவறாமல் வந்து பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு நாலு அடைப்பிலும் நின்றார். மாடுகளுக்கும் பழகிவிட்டது. அவர் பைக் சத்தம் கேட்டாலே வாசலில் வந்து கூடிவிடும். புல் தளதளவென்று வளர்ந்தது. டீ மறுபடி ஒரே தட்டில் வந்தது. அப்பா வாய் ஓயாமல் சொல்வாரே, சொந்தக் காலில் நில்லுடா என்று, அதையும் நிறைவேற்றியாகிவிட்டது.

இயக்குநர் புது ஷூவும் போட்டோக்காரருமாக வந்தார். புல்லைப் பார்த்து அசந்துபோனார். "இந்த வெற்றிக்கு எது காரணம்னு நினைக்கறீங்க?" என்று கேட்டார். துறையின் திட்டம் என்று பதில் வரும் என எதிர்பார்த்தார், பாவம்.

"சார் முழங்கால்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அண்ணனும் தம்பியும் ஒத்துப்போனதை அந்த ஊர் அன்றுதான் பார்த்தது.

"ஓ, முழங்கால் முறை!"

"முறை கிறை எல்லாம் இல்ல சார். இந்த சாரோட முழங்கால்" என்றார் ஏணி. "இவரை மட்டும் மாத்திடாதீங்க. புதுசா வர்றவர் கால் எவ்வளவு நீளமோ, யாருக்குத் தெரியும்?"

"மாத்தினா நாளைக்கே நடுவுல வேலிதான்" என்றார் முக்காலி.

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆலோசகரின் தோளில் கைபோட்டு போட்டோவுக்கு நின்றார். "மக்கள் மனசுல இப்படி இடம் பிடிச்ச ஆளை நான் எப்படிய்யா மாத்துவேன்? இங்கயே இருங்க. இது என் உத்தரவு."

"சார், என் குழந்தை..."

"அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார் இயக்குநர். போனில் மகளிடம் தான் பேசுகிற அதே இனிமையான குரல் அது என்பது ஆலோசகருக்கு உடனே புரிந்தது. ஓரகத்திகள் கைதட்டினார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதைக் கேள்விப்பட்டிருக்கிறார். இவர் சொந்தக் காலிலேயே வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அறைக்கு வந்து மனைவியைக் கூப்பிட்டார். இரண்டு வார்த்தையில் சொன்னார். அவள் திட்டவில்லை. "சரி, கட்டில் இன்னும் வாங்கல" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. பேத்தியை எழுத உட்கார வைத்திருந்தார். அவள் மாட்டேன் என்று காலை உதைத்துக்கொண்டிருந்தாள்.

"படிக்கலேன்னா மாடு மேய்க்கத்தான் போகணும்" என்றார் அப்பா.

"எங்கப்பா மேய்க்கற இடத்துக்கா?"

தடதடவென்று சின்னக் கால்கள் ஓடிவந்தன. மகள் போனைப் பிடுங்கினாள்.

"அப்பா, நான் படிக்கலேன்னா எப்ப அங்க வரலாம்?"

சுருட்டிய பேண்ட்டை இறக்கிவிடக்கூட மறந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த ஆலோசகருக்கு, ஆலோசனை எதுவும் தோன்றவில்லை.