மூட்டையும் பொதுக்குழாயும்

எங்கள் காகிதக் கிடங்கின் கதவை ஆள்பவனுக்கு மூட்டை என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. சுமை தூக்கும் நாங்கள் வைத்தது இது. நாங்கள் தூக்கும் மூட்டையைச் சாயங்காலம் இறக்கி வைத்துவிடுவோம். அவன் தன்னுடையதை இறக்கவே மாட்டான்.

ஆள்பவன் என்றால் கதவருகே நிற்பவன் இல்லை. கதவு எப்போது திறக்கலாம், எப்போது கூடாது என்று சொல்லும் மென்பொருளை எழுதியவன். எழுதியதை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தானாம். கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் அதைச் சொல்வான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது அல்லவா, கம்பெனியும் பார்க்கவில்லை.

அதே கம்பெனியில் கணினிகளைப் பராமரிக்க ஒரு பெண். அவளுக்குப் பொதுக்குழாய் என்று பெயர் வைத்தது மூட்டைதான். அவளும் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருப்பதில்லை. யார் யாரோ எழுதிப் போட்ட இலவச மென்பொருள்களை ஒரே கணினியில் அடித்துக்கொள்ளாமல் இருக்கும்படி ஒழுங்குபடுத்திக் கொடுப்பாளாம். அதற்கும் சம்பளம் கிடையாது. சம்பளமே இல்லாத வேலைக்கு இப்படிக் குடுமிப்பிடிச் சண்டை போடுகிறவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சண்டை இதுதான். எந்த மென்பொருளையும் எவனும் முழுக்கத் தானே எழுதுவதில்லை. மணி பார்க்க ஒருவன் எழுதியது, படம் காட்ட இன்னொருவன் எழுதியது என்று இரவல் வாங்கித்தான் பிழைப்பு ஓடுகிறது. அந்த இரவல் சரக்குக்கு லைப்ரரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எழுத்துக் கூட்டவே நாற்பது வயதான எனக்கு அந்தச் சொல்மேல் ஒரு மரியாதை இருந்தது, அதையும் கெடுத்தார்கள். கணினியில் ஒரே ஒரு பிரதி பொதுவாக இருக்கட்டும், எல்லா மென்பொருளும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும், பழுது வந்தால் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம் என்பது அவள் கட்சி. எனக்கு வேண்டியதை நான் ஒரு பிரதி எடுத்து என் மென்பொருளுக்குள்ளேயே கட்டி வைத்துக்கொள்வேன், வெளியே எவர் எதை மாற்றினாலும் எனக்கென்ன என்பது அவன் கட்சி.

அவனுக்கும் காரணம் இருந்தது. போன மழைக்காலத்தில் அவள் பொதுப் பிரதியைப் புதுப்பித்தாள். மறுநாள் கதவு எவருக்கும் திறக்கவில்லை. நாங்கள் நனைந்த கோழிகளாக வாசலில் நின்றோம். அன்றுதான் மணி பார்க்கும் லைப்ரரியை ஒரு பிரதி எடுத்துத் தன் மூட்டைக்குள் திணித்து முடிச்சுப் போட்டான். போட்ட முடிச்சை அப்புறம் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

குளிர்காலம் தொடங்கினால் இந்த நாட்டில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. இந்த ஆண்டிலிருந்து வேண்டாம் என்று அரசாங்கமே நிறுத்திவிட்டது. பொதுப் பிரதிக்கு அந்தச் சேதி போய்ச் சேர்ந்தது. என் பழைய கைப்பேசிக்குக்கூடத் தெரிந்தது. மூட்டைக்குள் அடைந்து கிடந்த பிரதிக்கு மட்டும் சொல்வார் இல்லை.

ஆகவே அன்று காலை நாங்கள் வேலைக்குப் போனபோது கதவு திறக்கவில்லை. இன்னும் நேரமாகவில்லை என்று அது ஒரு மணி நேரம் பின்தங்கி நின்றது.

எங்களுக்கென்ன, நிற்போம். நிற்பது பழக்கம்தான். உள்ளே என் மனைவியின் தம்பி இருந்தான், இரவுக் காவல்காரன். சர்க்கரை நோய்க்காரன். காலையில் ஊசி போட்டவுடன் அவன் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். சாப்பாட்டு டப்பா என் கையில் இருந்தது. தீனியைத் தேடி எலி வந்து காகிதத்தைக் கடிக்கும் என்று உள்ளே ஒரு துண்டு ரொட்டி கொண்டுபோக விட மாட்டார்கள். திருட்டுப் போகாமலிருக்கக் காவல்காரனையும் சேர்த்துப் பூட்டி வைக்கும் மேதாவிகள் எங்கள் முதலாளிகள். புதுக் கதவு வந்த ஜோரில் சாவித் துவாரத்தைக்கூட அடைத்துவிட்டார்கள்.

கைப்பேசி அடித்தது.

“மாமா, எங்க இருக்கீங்க? ஊசி போட்டு நேரமாச்சு. கை நடுங்குது.”

“வாசல்லதான் நிக்கிறேன் மாப்ள. கதவு திறக்கல.”

“விளையாடாதீங்க மாமா.”

தீயணைப்புக்காரர்களுக்குச் சொன்னோம். வந்துகொண்டே இருக்கிறோம் என்றார்கள், ஊரின் மறுகோடியிலிருந்து. மேனேஜருக்குச் சொன்னோம். “கதவுல எவனாவது கை வச்சீங்க, வேலை போயிடும். ஒரு மணி நேரத்துல அதுவா திறக்கும்,” என்று கொட்டாவியோடு சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதற்குள் மூட்டையும் பொதுக்குழாயும் வந்து சேர்ந்தார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். எனக்கு நன்றாக வேண்டும்.

மூட்டை மடிக்கணினியைப் படியில் வைத்துத் திறந்தான். அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“உள்ள வச்சிருக்கியே, அது எந்த வருஷத்துப் பிரதி?”

அவன் விசைகளைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

“கேக்குறேன்ல?”

“போன வருஷத்துது. அதுக்கென்ன இப்போ?”

“ஊருக்கெல்லாம் குழாய்ல நல்ல தண்ணி வருது. நீ மட்டும் போன வருஷம் பிடிச்சு வச்ச குடத்துத் தண்ணியக் குடிக்கிற. புழு நெளியுது பாரு.”

“உன் குழாய்ல போன மழைக்கு என்ன வந்துச்சுன்னு இவங்களக் கேளு!” என்று எங்களைக் கை காட்டினான். சாட்சிக்கு வேறு கூப்பிடுகிறான்.

“சார், உள்ள ஆள் இருக்கான்,” என்றேன்.

“ஒரு நிமிஷம்ணே.”

“அந்தப் பிரதியத் தூக்கிக் கடாசு. பொதுப் பிரதியோட சேர்த்துவிடு. ரெண்டு வரி வேலை,” என்றாள் அவள்.

“சேர்த்தா வேற எது உடையும்னு உனக்குத் தெரியுமா? உடைஞ்சா என் பேர்லதானே புகார் எழுதுவாங்க, உன் பேர்லயா?”

“அப்ப மூட்டைய முழுசா அவிழ்த்துத் திருப்பிக் கட்டு. ஊர் விடிஞ்சிடும்.”

“கட்டுறேன். என் முறையில கட்டுறேன்.”

எதிரே டீக்கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “ஏம்பா, கதவோட கடிகாரத்தக் கையால முன்னாடி தள்ளிவிட்டா அது ஏமாந்து திறந்துக்காதா?” என்று கேட்டார்.

“அது தப்பான முறை!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

மாப்பிள்ளையை மறுபடி கைப்பேசியில் கூப்பிட்டேன். “அக்கா வந்துட்டாளா மாமா?” என்றான். அக்கா வீட்டில் இருந்தாள். பிறகு ஏதோ கீழே விழுந்த சத்தம். அதன்பின் எவ்வளவு கத்தியும் பதில் இல்லை.

காகித உருளைகளை ஏற்றி வந்த லாரி ஒன்று இறக்குவதற்காகக் காத்து நின்றது. அதை ஓட்டி வந்த அம்மாள் இறங்கி வந்தாள்.

“யாருய்யா இங்க வேலை பாக்குறது?”

“பேசிட்டிருக்கோம்,” என்றான் மூட்டை.

“அது காது கிழியுது. வேலை யாரு பாக்குறது?”

மூட்டை மறுபடி மடிக்கணினிமேல் குனிந்தான். அந்த அம்மாள் லாரியிலிருந்து ஒரு சங்கிலியை எடுத்து வந்து, ஒரு முனையைத் தகர ஷட்டர் கதவின் கைப்பிடியிலும் மறுமுனையை லாரியிலும் மாட்டினாள்.

“அம்மா, மேனேஜர் வேலைய விட்டுத் தூக்கிடுவாரு,” என்றார் எங்களில் ஒருவர்.

“தூக்கட்டும். அவரு எனக்கா மேனேஜர்? தள்ளி நில்லுங்க.”

லாரி உறுமியது. ஷட்டர் அலறிக்கொண்டு ஒரு பக்கம் கோணி மேலே வளைந்தது. ஆள் நுழைய அது போதும். நான் தவழ்ந்து உள்ளே போனேன். மாப்பிள்ளை நாற்காலிக்குக் கீழே கிடந்தான். சட்டை வேர்வையில் ஊறிப்போயிருந்தது. கண் பாதி திறந்திருந்தது, கூப்பிட்டதற்கு முனகினான். டீக்கடைக்காரர் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து இடுக்கு வழியாக நீட்டினார். மடியில் தலையை நிமிர்த்தி வைத்து மடக்கு மடக்காகக் கொடுத்தேன். தீயணைப்புக்காரர்கள் வந்து தூக்கிப் போனபோது என் விரலைப் பிடித்திருந்தான். பிழைத்துக்கொள்வான் என்று அதில் தெரிந்தது.

வாசலில் பேச்சு இன்னும் ஓயவில்லை.

“பாத்தியா? இதுக்குத்தான் தலைதலையா அடிச்சிக்கிட்டேன்,” என்றாள் அவள், தூக்குப் படுக்கை தன்னைக் கடந்து போகும்போதே.

“என் மென்பொருள் உடையலியே. உடைஞ்சது தகரம்,” என்றான் அவன்.

பிறகு இருவரும் இணையத்தில் ஆளுக்கொரு கட்டுரை எழுதினார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். தாங்கள் சொன்னதே சரி என்று இருவருமே நிரூபித்திருந்தார்கள். மாப்பிள்ளை அவள் கட்டுரையில் ‘பாதிக்கப்பட்ட ஒரு பயனர்’. அவன் எதைப் பயன்படுத்தினான்? பூட்டப்பட்டான். மூட்டையின் கட்டுரையிலோ அவன் ‘அரிதாக நிகழும் ஒரு சூழல்’.

மாப்பிள்ளை வேலைக்குத் திரும்புவதற்குள் கம்பெனி பக்கச் சுவரில் ஒரு சின்னக் கதவு வைத்து, சாதாரணப் பூட்டு ஒன்று தொங்கவிட்டது. சாவியை எங்களிடமே கொடுத்துவிட்டார்கள். எங்கே வைப்பது? டீக்கடை ஆணியில் பொதுவாகத் தொங்கட்டும் என்றார்கள் சிலர். நான் விடவில்லை.

“பொதுச் சாவிய எவனாவது பாக்கெட்ல போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டா? ஆளுக்கொண்ணு அடிச்சு வச்சுக்கணும்.”

“நாளைக்குப் பூட்ட மாத்துனா? உன் சாவிய வச்சுக் காது குடைவியா?” என்றான் தூக்குவண்டி ஓட்டுபவன்.

“போன மழைக்கு நனைஞ்சது மறந்துபோச்சா உனக்கு?” என்று கத்தினேன். கத்தி முடித்தபிறகுதான் அது யாருடைய வசனம் என்று உறைத்தது. திரும்பிப் பார்த்தால் மூட்டை எனக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

மாப்பிள்ளை அதுவரை படியில் உட்கார்ந்திருந்தான். எழுந்து வந்து என் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கினான்.

“ஆணியில மாட்டுங்க, இல்ல ஆளாளுக்குக் கழுத்துல கட்டிக்குங்க. இனிமே சோறு கைக்கு வந்தப்புறம்தான் எனக்கு ஊசி.”

ஊசியைப் போட்டுக்கொண்டான். டப்பாவைத் திறந்து, எங்கள் எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான்.