ஒற்றைக் குரல்

இப்போது எல்லாருக்கும் இங்கிலீஷ் பைத்தியம். பிள்ளை சாப்பிட்டதா என்று எவனும் கேட்பதில்லை, ஏ பி சி டி சொன்னதா என்றுதான் கேட்கிறான். என் மகன் ஞானதாசனும் அந்தக் கூட்டம்தான். கொழும்பில் மூட்டை சுமந்துகொண்டு, தன் மகள் செசிலியை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்லி அடம். எங்கள் கடற்கரை ஊரான இனயத்திலிருந்து கொண்டுபோய் டவுன் போர்டிங்கில் விட்டேன். மாதம் ஒன்று ஆகவில்லை, உடனே வரச்சொல்லி ஆள் வந்துவிட்டது.

வழியெல்லாம் அதே யோசனை. காய்ச்சலோ, கிணற்றில் விழுந்தாளோ.

வாசலில் நேசம்மாள் டீச்சர் நின்றாள். கரையிலிருந்து புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பழக்குவது அவள் பொறுப்பு.

"பாட்டா, பிள்ளைக்குக் காது கேக்குமா?"

"என்ன கேள்வி இது? வள்ளம் வாற சத்தத்த ஊர்ல முதல்ல கேக்கியது அவதான்."

"என்கிட்ட இருக்கும்போ நல்லா சொல்லுதா. நானும் சாமானக் கையில குடுத்து, முதல்ல தமிழ்ல சொல்லவச்சு, பெறவுதான் இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கேன். ஆனா காலையில பெரிய வாத்தியார் பேர் கூப்பிட்டா ஊமை மாதிரி இருக்கா. இவளுக்கு இங்கிலீஷ் ஏறாதுன்னு சொல்லுதாரு. இன்னைக்கும் வாய் திறக்கல்லன்னா பேர வெட்டிருவாரு."

செசிலியின் தாய் ரீத்தா கருங்கல் ஊர்ச் சந்தைக்கு மீன் சுமக்கிறவள். "இந்தச் சுமடு என்னோட முடிஞ்சு போட்டும் மாமா" என்று சொல்லித்தான் பிள்ளையை அனுப்பினாள்.

பேத்தியை மரத்தடிக்கு அழைத்துப் போனேன்.

"ஏட்டி, பேர் கூப்பிட்டா ஏன் பேசாம இருக்க?"

"அவரு என்னப் பாக்காம குனிஞ்சிட்டே ஒரு தடவதான கூப்பிடுதாரு பாட்டா."

அதைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் கரையில் முகம் தெரியாத ஒற்றைக் குரலுக்கு யாரும் பதில் கொடுக்கமாட்டோம். கடலில் செத்துப் போனவன் ஒரு தடவைதான் கூப்பிடுவான். பதில் சொன்னவனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். மனுஷன் என்றால் மறுபடியும் கூப்பிடுவான்.

டீச்சரிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்காமல், செசிலியையும் இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"அப்ப நான் என்ன பேயா?" என்று பெரிய வாத்தியார் கத்தியது வெளியே கேட்டது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேர் கூப்பிட ஆரம்பித்தார்.

"செசிலி."

பதில் இல்லை. டீச்சர் அவரையே பார்த்தாள். அவர் பெருமூச்சு விட்டு, தலையை நிமிர்த்தினார்.

"செசிலி!"

"பிரசென்ட் சார்!"

டீச்சர் வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இந்த வாரம் மட்டுந்தான் ரெண்டு தடவ கூப்பிடுவாராம் பாட்டா. அடுத்தாப்ல இன்ஸ்பெக்டர் வருவாரு. அவரு ஒரு தடவதான் கூப்பிடுவாரு. முதல் குரலுக்கே பதில் சொல்லணும்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பா."

"மாட்டேன்."

"பள்ளிக்கூடத்துல எந்தப் பேய் வரும், பாட்டா?"

"பள்ளிக்கூடத்துல வராது. லீவுக்கு அவ கரைக்கு வருவால்லா? அங்க எது கூப்பிட்டாலும் வாய் திறக்கதுக்கா பழக்கணும்?"

"நான் அவளுக்கு எடுத்துச் சொல்லுதேன். இங்க ஒண்ணு, அங்க ஒண்ணுன்னு பிள்ளையளுக்குப் புரியும்."

புரியுமாம். ஒன்பது வயதுக் குட்டிக்கு. கல்யாணம்கூட ஆகாதவள், பிள்ளையைப் பற்றி எனக்குச் சொல்கிறாள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தேன்.