குர்னே கேட்ட தோட்டா

எங்கள் சமையலறை ஜன்னல் விளிம்பில் ஒரு பூச்சட்டி வைக்க இடமில்லை. என் புருஷன் குர்னே செய்த துப்பாக்கிக் குண்டுகள்தான் அங்கே வரிசையாக உட்கார்ந்திருக்கும். நனைத்த செய்தித்தாள் கட்டுக்குள் சுட்டு, தோண்டி எடுத்து, கழுவி வைத்தவை. ஒவ்வொன்றும் காளான் மாதிரி முனை விரிந்து, வெளியே இருக்கும் செம்பு உறையும் உள்ளே இருக்கும் ஈயமும் பிரியாமல் ஒட்டியிருக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பிக்கு முன்னால் அதைத்தான் காட்டுவான். கட்டிய மனைவியை இப்படி நாலு பேரிடம் காட்டியிருந்தால் நானும் கொஞ்சம் பூரித்திருப்பேன்.

குண்டின் சமாச்சாரமே அந்த ஒட்டுதல்தான். மானுக்கு எதைப் போட்டாலும் நடக்கும். காட்டெருமையின் தோள் எலும்பில் படும்போது உறை வேறு ஈயம் வேறாகப் பிரிந்ததோ, போச்சு. குண்டு தோளிலேயே பொடியாகிவிடும், நெஞ்சுவரை போகாது. காயம்பட்ட காளை க்வாண்டோ ஆற்று நாணலுக்குள் புகுந்து நமக்காகக் காத்து நிற்கும். வேட்டைக்கு வருகிறவர்களை அழைத்துப்போவது என் தொழில் என்பதால், அதைத் தேடி உள்ளே போகவேண்டியது நான். எனக்கும் முன்னால், கையில் ஒரு குச்சியை மட்டும் வைத்துக்கொண்டு தடம் பார்த்துப் போவது சின்வுலா.

அதனால்தான் குர்னே இதைச் செய்தபோதே அவனிடம் கேட்டேன். "எலும்புல பட்டா தாங்குமா? ஒண்ணாவது பிரிஞ்சுதா?"

"ஒண்ணுகூட இல்ல. என்னை நம்பமாட்டியா நீ?"

"உன்னை நம்பறது இருக்கட்டும். குண்டை நம்பலாமா?"

"ரெண்டும் ஒண்ணுதான் போ."

நம்பினேன். கிறுக்கச்சி.

ஆஸ்திரியாவிலிருந்து வேட்டைக்கு வந்த ரைன்ஹோல்டுக்குக் குர்னேயின் குண்டு என்றால் அப்படி ஓர் ஆசை. அதைப் போட்டுத்தான் எருமை சுடுவேன் என்றார். தன் குண்டு எருமையில் இறங்குவதைப் பார்க்க குர்னேயும் ரைஃபிளோடு கூட வந்தான். காலையில் வண்டியில் ஏறும்போது சின்வுலாவுக்குக் கை கொடுத்து, "இன்னிக்கு உங்களுக்கு வேலையே இருக்காது பாருங்க. நின்ன இடத்துலயே விழுந்துடும்" என்றான்.

"அப்ப நான் தூங்கலாம்னு சொல்லுங்க" என்று சிரித்தார் சின்வுலா.

காளை கரையான் புற்றுக்குப் பக்கத்தில் பக்கவாட்டில் நின்றிருந்தது. ரைன்ஹோல்டு நன்றாகத்தான் சுட்டார், குறை சொல்ல மாட்டேன். குண்டு எலும்பில் பட்ட சத்தம் எனக்கே கேட்டது. காளை முன்னங்கால் மடங்கி, எழுந்து, நாணலுக்குள் ஓடிவிட்டது. சின்வுலா புல்லிலிருந்த ரத்தத்தைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"நுரையே இல்லம்மா. நெஞ்சுக்குப் போகல."

எங்கள் வழக்கப்படி ரைன்ஹோல்டை வண்டியிலேயே உட்கார வைத்தேன். காயம்பட்டதைத் தேடிப் போகும்போது விருந்தாளி வரக்கூடாது. குர்னே வரவேண்டிய கட்டாயம் இல்லை. "என் குண்டு. நானும் வரேன்" என்று அவனாகவே வந்தான். அந்த நிமிஷம் என் புருஷனை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

நாணல் ஓரத்தில் சின்வுலா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தடத்தைப் பார்த்து நின்றார். குர்னே என் காதருகே வந்தான்.

"உன் தோட்டால மூணு குடேன்."

எங்கள் இருவர் ரைஃபிளுக்கும் ஒரே அளவுத் தோட்டாதான். அவன் தோட்டாவின் முனையில் ஈயம் தெரியும். என்னுடையது மொட்டை மூக்கு. குண்டு முழுக்கப் பித்தளை, பிரிவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

"எதுக்கு? உன்னுது இருக்குல்ல?"

"குடேன் ஹெஸ்டர்."

அவன் முகத்தைப் பார்த்தேன்.

"பிரிஞ்சுதா?"

"மாட்டுக் காலெலும்பு வச்சு சுட்டுப் பாத்தேன். ரெண்டு பிரிஞ்சுது. ஒட்டறப்ப சூடு சரியா ஏறலைன்னு நினைச்சேன். அந்த ரெண்டு மட்டுந்தான்னு..."

"ஜன்னல்ல அது ரெண்டையும் காணோமே."

ஓங்கி ஓர் அறை விட்டிருப்பேன். ஆனால் உதவாத குண்டோடு ஓர் ஆள் சின்வுலாவுக்குப் பின்னால் நடந்து என்ன பயன்? எடுத்துக் கொடுத்தேன். தன்னுடையதை எல்லாம் கழற்றிப் பையில் போட்டுவிட்டு என்னுடையதை ஏற்றிக்கொண்டான். சின்வுலா திரும்பிப் பார்க்கவில்லை. குச்சியால் நாணலை விலக்கிக்கொண்டு உள்ளே நடந்தார்.

காளை முன்னாலிருந்து வரவில்லை. சுற்றி வந்து பக்கத்தில் நின்றிருக்கிறது, பாவி. நாணல் முறிகிற சத்தம் கேட்டதும் சின்வுலா தரையில் விழுந்து உருண்டார். கொம்பு அவர் சட்டையைக் கிழித்துக்கொண்டு போனது. நான் சுட்டேன், குர்னே சுட்டான். அவர் காலருகே அது சாய்ந்தது. சின்வுலாவின் விலாவில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"சட்டைதான் போச்சும்மா" என்றார்.

பொறுக்க முடியாமல் அங்கேயே கத்தியை எடுத்து, ரைன்ஹோல்டு சுட்ட தோளைக் கீறினேன். எலும்பு விண்டிருந்தது. அதன்மேல், கசங்கிய பழத்தோல் மாதிரி, வெறும் செம்பு உறை. சதையெல்லாம் ஈயப் பொடி. உறையை எடுத்துக் குர்னேயின் உள்ளங்கையில் வைத்தேன். அவன் அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

வண்டிக்குத் திரும்பியதும் ரைன்ஹோல்டு அவனைக் கட்டிக்கொண்டார். "பிரமாதம் குர்னே, கடைசியில உங்க குண்டே சாய்ச்சுடுச்சு. வர்ற வருஷம் என் சிநேகிதங்களைக் கூட்டிட்டு வரேன். எல்லாருக்கும் இதே குண்டைக் குடுங்க."

குர்னே தலையாட்டினான். கடவுளே, ஆட்டினான். அடுத்த வருஷமும் முன்னால் நடக்கப்போகிறவர் இரண்டடி தள்ளி விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

நாணலிலிருந்து வந்ததும் எல்லோர் கண் முன்னாலும் வண்டி முகப்பின்மேல் துப்பாக்கியைக் காலி செய்வது எங்கள் வழக்கம். நான் செய்தேன். குர்னே வண்டிக்குப் பின்பக்கம் நழுவினான்.

"குர்னே, இங்க வந்து காலி பண்ணு."

"அப்புறம் பண்றேன்."

"இங்க. எல்லார் முன்னாலயும்."

என்னையே பார்த்தான். கெஞ்சுகிற பார்வை. நான் அசையவில்லை. வந்து துப்பாக்கியின் போல்ட்டை இழுத்தான். மொட்டை மூக்குத் தோட்டாக்கள் இரண்டு முகப்பின்மேல் உருண்டன. ரைன்ஹோல்டு ஒன்றை எடுத்து முனையைப் பார்த்தார், பிறகு குர்னேயைப் பார்த்தார். அவர் சிரிப்பு போய்விட்டது.

"நாணல் ஓரத்துலயே தோட்டாவை மாத்தினீங்க. போல்ட் சத்தம் கேட்டுச்சு" என்றார் சின்வுலா.

"தெரிஞ்சுமா முன்னால போனீங்க?" என்று கேட்டேன்.

"மாத்தினதாலதாம்மா போனேன். இல்லன்னா ஒரு அடி வச்சிருக்க மாட்டேன்." பிறகு குர்னே பக்கம் திரும்பினார். "ஆனா காலையில கை குடுத்தீங்களே. அப்பவே சொல்லியிருக்கலாம்."

குர்னே பாக்கெட்டுக்குள் கைவிட்டு அந்தச் செம்பு உறையை எடுத்து, ரைன்ஹோல்டின் கண் முன்னால், என் தோட்டாவுக்குப் பக்கத்தில் வைத்தான்.