கைச்சூட்டில் வெளுக்கும் தண்ணீர்

நான் செய்வது ஜெல் துகள்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே நானூறு துகளை வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு பொடி. குளிரில் தண்ணீரைக் குடித்து உப்பியிருக்கும். குப்பியில் வெறும் தண்ணீராகத்தான் தெரியும். முப்பத்திரண்டு டிகிரியைத் தாண்டினால் குடித்ததைக் கக்கிச் சுருங்கும், எல்லாம் வெள்ளையாகிவிடும். பினாங்கு வெயிலுக்கு வழியிலேயே வெளுத்துவிடும் என்பதால் ஐஸ் பெட்டியில்தான் வீட்டுக்குக் கொண்டுபோவேன்.

முதல் குப்பியை அப்பா உள்ளங்கையில் மூடிக்கொண்டு சத்தமாக எண்ணினார். நூறு எண்ணுவதற்குள் வெளுத்தது.

"பால் ஆயிருச்சு லா, சுதா! தைப்பூசத்துக்கு நீ பால்குடத்துல வெறும் தண்ணிய தூக்கிட்டுத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறு, போதும்."

சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. அவர் இதயம் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். அந்தக் குப்பி கைதவறி உடைந்தது. "இன்னொன்னு எப்பம்மா?" என்று தினமும் கேட்டார். எனக்கோ துகள் தயாரிப்பு அடுத்தடுத்து மூன்று தடவை கெட்டுப்போனது. எழுபது டிகிரியில் ஆறு மணி நேரம், நைட்ரஜனைச் செலுத்திக் காற்றை விரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் போச்சு.

நான்காவது தடவை, கடைசி வேலையை ஆய்வகத்தில் எனக்கு இளையவளான ஷாஹிராவிடம் விட வேண்டியதாயிற்று. அவள் ஐஸில் வைத்திருந்த குப்பியைச் சோதித்துக்கூடப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"சாப்பிட்டதுலேர்ந்து தூங்குறாரு, எழுப்பாத" என்றார் அம்மா, சமையலறையிலிருந்து.

ஏர்கோன் போட்டுக் குளிர்ந்திருந்த அறை. ஐஸில் துழாவி என் விரல்கள் மரத்துப்போயிருந்தன. அப்பாவின் கைக்குள் குப்பியை வைத்து எண்ணினேன். நூறு. இருநூறு. அப்படியே தண்ணீர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயே நின்று ஷாஹிராவுக்குப் போன் போட்டேன்.

"நைட்ரஜன மூடிட்டியா? ஒரு வேலை ஒழுங்கா செய்ய மாட்டியா? எங்கப்பாவுக்கு நாள் இல்லன்னு உனக்குத் தெரியுந்தானே?"

"இல்லக்கா..." என்றாள். "அதே பேட்ச் இங்க என் கைல இருக்கு. நல்லா வெள்ளையாவுது லா."

அதன்பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஐயோ, வந்ததும் பார்த்திருக்கலாமே. குப்பியைப் பார்த்தேன், துகளைச் சந்தேகப்பட்டேன், ஒரு அப்பாவியைத் திட்டினேன். அப்பாவைப் பார்க்கவில்லை.

கட்டிலில் உட்கார்ந்தேன். குப்பியை அவர் உள்ளங்கைக்கும் என் உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டு, அவரைப் போலவே சத்தமாக எண்ணினேன். அம்மா கதவருகே வந்து நின்றார்.

நூற்று நாற்பதில் வெளுக்கத் தொடங்கியது. என் பக்கம் மட்டும்.