ஒரு படி வத்தலின் எடை

கடை வாசலில் சங்கரபாண்டியைக் கண்டதும் ஆவுடைத்தாய்க்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? போன வருஷம் இலத்தூர்க் கல்யாண வீட்டில் வெல்லம் குறைகிறது என்று கத்தியவன் இந்த ஆள்தான். கூட நின்று சமைத்தவளைப் பந்தி முன்னால் இழுத்து, "மடியை உதறுட்டி" என்றான். உதறினாள். ஒன்றும் விழவில்லை. ஆனாலும் பேர் நாறிப் போயிற்று. அதன் பிறகு தென்காசி வட்டாரத்தில் ஒரு விசேஷ வீட்டிலும் அவளை அடுப்படிக்குக் கூப்பிடவில்லை. நல்லதம்பி பலசரக்குக் கடையில் மிளகாய் வத்தல் இடித்துத்தான் கஞ்சி குடித்தாள்.

"ஏட்டி, இங்கனதான் கெடக்கியா?" என்று இளித்தான் சங்கரபாண்டி.

கடையம் கைலாசம் பிள்ளை, குற்றால பங்களாவில் பேரனுக்குக் காது குத்துகிறார். சமையல் இவன். படியில் அளந்தால் கடைக்காரன் தலைதட்டி ஏமாற்றுவான் என்று பிள்ளைக்குச் சந்தேகம். எல்லாம் தராசில் நிறுத்துத்தான் வரவேண்டும் என்று உத்தரவு. சங்கரபாண்டிக்கோ பிறந்ததிலிருந்து படிக்கணக்குதான்.

"ஒரு படி அரிசியை நிறு."

நிறுத்துக் காட்டினாள்.

"அம்புட்டுதான! இதே நிறைதான் படிக்கு. பருப்புக்கும் போடு, வத்தலுக்கும் போடு. அஞ்சு படி வத்தலுக்கு இதுல அஞ்சு மடங்கு. வறுத்து இடிச்சு டின்னுல அடைச்சுரு."

ஆவுடைத்தாயின் கை நின்றது. வத்தல் என்ன அரிசியா? உள்ளே காற்றுதானே பாதி! "அண்ணாச்சி, வத்தலைத் தனியா ஒருதரம் நிறுத்துப் பாத்துட்டு..."

"படின்னா படிதாம்ட்டி. வெல்லம் திருடுனவ எனக்குக் கணக்குச் சொல்லித் தாராளோ?"

அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டாள். கூடுதலாக விற்றால் முதலாளிக்குக் கசக்குமா, அவரும் மூடிக்கொண்டார். ஆவுடைத்தாய் இடித்தாள். உலக்கை இறங்கும்போதெல்லாம் உரலுக்குள் அவன் மூஞ்சிதான் தெரிந்தது. இருக்குடே உனக்கு, இருக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இடித்தாள்.

காதுகுத்து அன்று, காலி டின்களைத் திருப்பி வாங்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி முதலாளியோடு வண்டியேறிவிட்டாள். பார்க்காமல் விடுவாளா?

பிள்ளை வீட்டில் சாமிக்குப் படைக்குமுன் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. வத்தல் இடிப்பதோ எப்போதும் பெண்கள் பாடு. ஒரு படி வத்தலுக்கு எவ்வளவு பொடி வரும் என்று சங்கரபாண்டி கண்டதே இல்லை. பொடியைக் குழம்பு அண்டாவில் டின்னோடு கவிழ்த்தான்.

படையல் முடிந்து இலை போட்டார்கள். முதல் கவளம்தான். ஐயோ, பந்தி முழுக்கக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர்! பிள்ளையின் சம்பந்தி, கட்டிய பட்டு வேட்டியோடு அருவியைப் பார்த்து ஓடினார். ஆவுடைத்தாய்க்கு உச்சி குளிர்ந்தது.

"இந்த மூதேவி வேணும்னே கூடப் போட்டுட்டா!" என்று அலறினான் சங்கரபாண்டி.

"அரிசி நிறையைத்தான் வத்தலுக்கும் போடச் சொன்னாக ஐயா" என்றாள் ஆவுடைத்தாய். பிள்ளை கடையிலிருந்து தராசையும் ஒரு மூட்டை வத்தலையும் கொண்டுவரச் சொன்னார். ஒரு தட்டில் ஒரு படி அரிசி. மறுதட்டில் ஆவுடைத்தாய் வத்தலை அளந்து கொட்டினாள். படிமேல் படி கொட்டியும் தட்டு இறங்கவில்லை.

"எல்லாத்துக்கும் ஒரே நிறைன்னு சொன்னது யாருவே?" என்று உறுமினார் பிள்ளை.

"இவருதான். அவ எடுத்துச் சொல்லப் போனா, வைதாரு" என்றார் நல்லதம்பி.

ஆவுடைத்தாய் முன்னால் வந்தாள். "ஐயா, சாமான் கணக்கு இடிச்சா மடியை உதறணும்னு இவருதான் இலத்தூர்ல சட்டம் போட்டாரு. இப்ப இவரு உதறட்டும்."

பிள்ளை தலையசைத்தார். அத்தனை பேர் முன்னால் சங்கரபாண்டி வேட்டி மடியை உதறினான். ஒன்றும் விழவில்லை.

"பாத்தியா, ஒண்ணும் இல்லியேட்டி!" என்றான் அழாத குறையாக.

"அன்னைக்கு எம் மடியிலயும் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. அதுக்கப்புறம் என்னை எவராவது கூப்பிட்டாகளா?"

"நாளைக்கு மறுவிருந்துக்கு அடுப்பை நீ பாரு தாயி" என்றார் பிள்ளை.

சரி என்றாள். காலி டின்களை எடுத்துச் சங்கரபாண்டியின் காலடியில் அடுக்கி வைத்தாள்.

"கடையில வத்தல் இடிக்க ஆள் இல்ல. உலக்கை சும்மாதான் கெடக்கு, வாரும்."